முதல் அடியும் கடைசிப் படியும்: கருணைக்கொலை விவாதத்தில் ஒரு வாதத்தின் வரலாறு

சென்ற மாரியில் எமது வாசிப்பு வட்டத்தில் கருணைக்கொலைச் சட்டங்கள் பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது. வந்திருந்த பதினான்கு பேரில் ஐந்து பேர் முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆகவே விடயம் எங்களுக்குப் புத்தகத்தில் மட்டும் உள்ளதல்ல. பேச்சுத் தொடங்கி அரைமணி நேரம் ஆகுமுன் ஒரு நண்பர் சொன்னார்: "இது ஹிட்லரிலைதான் போய் முடியும். அவனும் இப்பிடித்தான் தொடங்கினவன்." உடனே மற்றொருவர்: "அண்ணை, இது வாதமில்லை. வழுக்குச்சரிவுப் போலி. தர்க்கம் படிக்கிற பிள்ளையள் முதல் மாசத்திலையே படிக்கிற பிழை." அதற்குமேல் எவரிடமும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ஒருவர் சரித்திரத்தின் பெயரால் கதவைச் சாத்தினார், மற்றவர் தர்க்கத்தின் பெயரால் சாத்தினார். ஹிட்லர் உண்மையில் எப்படித் தொடங்கினான் என்பதை இருவருமே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் எனக்கும் அது சரியாகத் தெரியாது என்பது உறைத்தது. இக்கட்டுரை அதற்குப் பிறகான வாசிப்பின் விளைவு.

ஒரு செயல் தன்னளவில் பெரிய தீங்கில்லாததாக இருக்கலாம். ஆனால் அதை அனுமதித்தால் அடுத்தது வரும், அதற்கடுத்தது வரும், கடைசியில் எவரும் விரும்பாத ஓரிடத்தில் போய் நிற்போம். எனவே முதலாவதையே தடுக்கவேண்டும். வழுக்குச்சரிவு வாதம் என்பது இவ்வளவுதான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று எங்கள் ஆச்சிமார் நாலு சொல்லில் முடித்துவிட்ட விடயம். இதன் தத்துவ மூலத்தைத் தேடுபவர்கள் கி.மு. நான்காம் நூற்றாண்டில் மிலேத்தஸ் நகரத்து யூபுலிடஸ் போட்டதாகச் சொல்லப்படும் தானியக் குவியல் புதிருக்குப் போவார்கள். குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியலாகவே இருக்கும், இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. எந்த மணியோடு அது குவியல் அல்லாததாகிறது?

இந்த வாதத்துக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு அரசியல் காரணம் உண்டு. ஜெரமி பெந்தாம் 1824இல் வெளியிட்ட போலிவாதங்கள் பற்றிய நூல், பிரித்தானியப் பாராளுமன்றத்தில் சீர்திருத்தங்களைத் தடுப்பதற்குப் பயன்பட்ட பேச்சுத் தந்திரங்களின் பட்டியல். 'இன்று இதைக் கேட்பவன் நாளை எதையெல்லாம் கேட்பான்' என்று பூச்சாண்டி காட்டுவது அதில் ஒன்று. அடுத்த ஆண்டே சிட்னி சிமித் எடின்பரோ சஞ்சிகையில் அந்நூலுக்கு எழுதிய மதிப்புரையில் எல்லாப் போலிவாதங்களையும் ஒரு மூடப் பிரபுவின் வாயில் ஒரே பேச்சாக வைத்துச் சிரிக்கவைத்தார். 1908இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் கோர்ன்ஃபோர்ட் இதற்கு 'ஆப்பு' என்று பெயரிட்டுக் கேலிசெய்தார்: இப்போது நீதியாக நடந்தால் பிறகு இன்னும் நீதியாக நடக்கும்படி கேட்பார்கள், ஆகவே இப்போதும் நடவாதிருப்போம் என்பதே அதன் சாரமாம். கத்தோலிக்கருக்கு உரிமை, தொழிலாளருக்கு வாக்கு, பெண்களுக்கு வாக்கு என எல்லாவற்றுக்கும் எதிராக இதே ஆப்பு அடிக்கப்பட்டது. வழுக்குச்சரிவு நெடுங்காலமாக அதிகாரத்தில் இருந்தவர்களின் வாதம். அதைக் கண்டதும் 'போலி' என்று சொல்ல எமக்குக் கைவருவது அதனாலேயே.

'போலி' நல்ல தமிழ்ச் சொல். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என வகுத்துச் சொல்கிறார். திட்டாந்தப் போலி என்பது எடுத்துக்காட்டில் வரும் பிழை. காட்டப்படும் உதாரணத்தில், நிறுவவேண்டிய ஏது உண்மையில் இல்லாதிருப்பது. எங்கள் வட்டத்தில் ஹிட்லர் என்ற உதாரணத்தைச் சோதிக்க எனக்கு இந்தப் பழைய அளவுகோல்தான் கைகொடுத்தது. வாதத்தின் வடிவத்தில் பிழையில்லை, எத்தனையோ தடவை முதலாவது இரண்டாவதைக் கொண்டுவந்துதான் இருக்கிறது. இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் தன் தலைப்பிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று எழுதிக்கொண்டது. மூன்று ஆண்டுக்கு என்றார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள், தலைப்பிலிருந்த 'தற்காலிக'த்தை எடுக்கவுமில்லை. அன்று 'இது இத்தோடு நிற்காது' என்று சொன்னவனை எந்தத் தர்க்கப் புத்தகத்தைக் காட்டி மடக்குவது?

ஆகவே ஜேர்மனிக்குப் போவோம்.

1920இல் லைப்சிக்கில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர்: கார்ல் பிண்டிங் என்ற புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர், அல்பிரட் ஹொக்கே என்ற மனநோய் வைத்தியர். நூலின் தலைப்பு 'வாழத் தகுதியற்ற உயிரை அழிப்பதை அனுமதித்தல்'. நூல் கையில் வரும் காலத்தில் பிண்டிங் இறந்துவிட்டார். ஹொக்கே முதலாம் உலகப் போரில் தன் மகனைப் பறிகொடுத்தவர். நல்ல இளைஞர்கள் போர்க்களத்தில் சாக, பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இந்த உயிர்கள் பராமரிக்கப்படுகின்றனவே என்ற கசப்பு அந்நூல் முழுவதும் ஓடுகிறது.

பிண்டிங் மூன்று கூட்டத்தைப் பிரிக்கிறார். முதலாவது, மீளமுடியாத நோயில் வேதனைப்பட்டுத் தாமே சாவைக் கேட்பவர்கள். இரண்டாவது, குணப்படுத்தமுடியாத மூளை வளர்ச்சி குன்றியோர். மூன்றாவது, நினைவிழந்து கிடப்பவர்கள், விழித்தாலும் சொல்லமுடியாத துயரத்துக்கே விழிப்பவர்கள். இரண்டாம் கூட்டத்தாருக்கு வாழும் விருப்பமும் இல்லை, சாகும் விருப்பமும் இல்லை, ஆகவே அவர்களைக் கொல்வதால் எந்த விருப்பமும் மீறப்படுவதில்லை என்று அவர் எழுதுகிறார். முதலாம் கூட்டத்தில் நோயாளியின் கேள்வி இருக்கிறது. இரண்டாம் கூட்டத்தில் கேள்வி காணாமற்போய், அந்த இடத்தில் மதிப்பீடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவர் கேட்கிறாரா என்பது போய், அவர் எதற்கு உதவுகிறார் என்பது வந்துவிடுகிறது. இத்தனையும் ஒரே நூலில் சில பக்கங்களுக்குள். காலப்போக்கில் வழுக்கி விழுந்ததல்ல இது. முதல் அடியும் இரண்டாம் அடியும் ஒரே நாளில் அச்சாகின.

சக்சனி மாநிலத்தில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான இல்லமொன்றை நடத்திய எவால்ட் மெல்ற்சர் இந்நூலுக்கு எதிரானவர். பெற்றோர் இதை ஒருபோதும் ஏற்கமாட்டார்கள் என்று காட்டுவதற்காகத் தன் இல்லத்துப் பிள்ளைகளின் 200 பெற்றோருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 162 பதில் வந்தது. 119 பேர் சம்மதம் என்றார்கள், 43 பேர் மறுத்தார்கள். 1925இல் நேர்மையாக அதை வெளியிட்டார். சில பெற்றோர் இன்னொன்றும் எழுதியிருந்தார்கள்: இதை எங்களிடம் கேட்டிருக்கக் கூடாது, செய்துவிட்டு நோயால் இறந்ததென்று அறிவித்தால் போதும். வழுக்குச்சரிவு பற்றிப் பேசுபவர்கள் அரசையும் சட்டத்தையும் பற்றியே பேசுவார்கள், களைத்துப்போன தாய் தகப்பனைப் பற்றிப் பேசுவது குறைவு. பதினைந்து ஆண்டின் பின் கொலையாளிகள் அந்த வேண்டுகோளை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார்கள்.

1933 ஜூலை 14இல் வந்த பரம்பரைநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கட்டாயமாக மலடாக்கப்பட்டனர். இது ஜேர்மனிக்கு மட்டும் உரிய பைத்தியமல்ல. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இலேயே இப்படிச் சட்டம் போட்டது, 1927இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அத்தகைய சட்டமொன்றைச் சரியென்றது. அமெரிக்கா அதே படியில் நின்றும் கீழே விஷவாயு அறைக்குப் போகவில்லை. சரிவு தானாக இழுக்கும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

1939இல் ஒரு தகப்பன், கடுமையான ஊனத்தோடு பிறந்த தன் குழந்தையைக் கொல்ல அனுமதி கேட்டு ஹிட்லருக்கு மனு அனுப்பினான். ஹிட்லர் தன் வைத்தியர் கார்ல் பிராண்டை லைப்சிக்குக்கு அனுப்பினான். குழந்தை கொல்லப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18இல், ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளைப் பதிவுசெய்யும்படி மருத்துவிச்சிகளுக்கும் வைத்தியர்களுக்கும் இரகசியச் சுற்றறிக்கை போனது. ஒக்ரோபரில் ஹிட்லர் தன் சொந்தக் கடிதத்தாளில் ஒரு பத்தியில் கையெழுத்திட்டு, போர் தொடங்கிய செப்ரெம்பர் 1ஆம் திகதியை முன்தேதியாக இட்டான். பெயர் குறிக்கப்படும் வைத்தியர்கள், குணமடையாதவர்கள் என்று தாம் கருதும் நோயாளருக்குக் 'கருணைச் சாவு' வழங்கலாம். அந்தப் பத்தியில் நோயாளி கேட்டால் என்ற சொல் இல்லை. அது சட்டமும் இல்லை. சட்டமாக்கும்படி உள்ளேயிருந்தே சிலர் கேட்டும் ஹிட்லர் மறுத்தான்.

பேர்லினில் தியர்கார்ட்டன் வீதி 4ஆம் இலக்க வீட்டில் அலுவலகம் வைத்தார்கள். 'ரி4' என்ற பெயர் அதனால் வந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு படிவம் போனது. நோய் என்ன, எத்தனை ஆண்டாக இருக்கிறார், என்ன வேலை செய்யக்கூடியவர், யாராவது பார்க்க வருகிறார்களா, எந்த இனம். எதற்காக இந்த விபரம் என்று படிவத்தில் இல்லை. வேலைசெய்யக்கூடியவர்களைப் போர்க்கால உற்பத்திக்குப் பறித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று எண்ணிய சில வைத்தியர்கள், தோட்டத்திலும் சமையலறையிலும் தங்களுக்குக் கைகொடுத்த நோயாளிகளைக் காப்பாற்றுவதற்காக 'வேலைக்கு உதவார்' என்று நிரப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு வரி அவர்களைக் கொன்றது. படிவங்களை மூன்று நிபுணர்கள் தனித்தனியே பார்த்தார்கள். நோயாளியை அவர்கள் கண்டதில்லை. ஒரு பெட்டிக்குள் சிவப்புப் பென்சிலால் கூட்டல் அடையாளம் போட்டால் சாவு, நீலத்தால் கழித்தல் போட்டால் உயிர். கிராஃபெனெக், பிராண்டன்பூர்க், ஹார்ட்ஹைம், சொன்னென்ஸ்ரைன், பேர்ன்பூர்க், ஹடமார் ஆகிய ஆறு இடங்களில் வாயு அறைகள் இயங்கின. வீட்டுக்குப் பொய்யான நோயின் பெயரோடு ஓர் இரங்கற் கடிதமும், கேட்டால் சாம்பற் குடமும் போயின. குடல்வால் அழற்சியால் இறந்தார் என்று கடிதம் வந்தவர்களில், எத்தனையோ ஆண்டுக்கு முன்பே குடல்வாலை வெட்டி எடுத்தவர்களும் இருந்தார்கள்.

1941 ஆகஸ்ட் வரை 70,273 பேர். இந்த எண் கொலையாளிகளே போட்ட கணக்கு. எத்தனை பாண், எத்தனை இறைச்சி, எத்தனை மார்க் மிச்சமாகும் என்று பத்தாண்டுக்குக் கணக்குப் போட்ட புள்ளிவிபரக் கோவை போர் முடிந்தபோது ஹார்ட்ஹைமில் அகப்பட்டது.

இவற்றைத் தடுத்திருக்கக்கூடியவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். லோதார் கிரைசிக் பிராண்டன்பூர்க் நகரில் பாதுகாவலர் விடயங்களுக்கான நீதிபதி. மனநோயாளிகள் பலர் அவரது நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தார்கள். 1940இல் அவர் மேசைக்கு வரும் மரண அறிவித்தல்கள் திடீரென்று கூடின. ஜூலை 8இல் நீதி அமைச்சருக்கு எழுதினார். தன் பாதுகாப்பிலுள்ள எவரையும் தன் அனுமதியின்றி இடம்மாற்றக் கூடாதென்று இல்லங்களுக்குத் தடை போட்டார். ஹிட்லரின் அலுவலகத் தலைவர் பூலருக்கு எதிராகக் கொலைக்குற்ற முறைப்பாடு கொடுத்தார். நவம்பரில் அமைச்சர் கூர்ட்னர் அவரைக் கூப்பிட்டு ஹிட்லரின் கடிதப் பிரதியைக் காட்டினார். ஒரு தலைவனின் சொல் சட்டமாகாது என்று கிரைசிக் மறுத்தார். அப்படியானால் நீர் நீதிபதியாக இருக்கமுடியாது என்றார் அமைச்சர். அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். கிரைசிக் சிறைக்குக்கூடப் போகவில்லை. 1958இல் பரிகாரச் சேவை இயக்கமொன்றைத் தொடக்கிவைத்து, முதுமை வரை வாழ்ந்தார். ஜேர்மனியின் நீதிபதிகளில் இப்படிச் செய்தவரென்று வரலாறு அவர் ஒருவரையே காட்டுகிறது.

மற்றவர் மூன்ஸ்ரர் ஆயர் கிளமென்ஸ் ஃபொன் காலன். 1941 ஆகஸ்ட் 3இல் தேவாலயத்தில் வெளிப்படையாகப் பிரசங்கித்தார். அவருடைய வாதம், கவனியுங்கள், வழுக்குச்சரிவு வாதமேதான். பயனற்ற மனிதனைக் கொல்லலாம் என்ற கொள்கையை ஒருமுறை ஒத்துக்கொண்டால், நாளை வேலையில் கையிழந்த தொழிலாளி, முதுமையில் தளர்ந்த நாங்கள், போர்முனையிலிருந்து ஊனமாகத் திரும்பும் எங்கள் சிப்பாய்கள், எவருக்கும் பாதுகாப்பில்லை என்றார். பிரசங்கம் கைப்பிரதியாக நாடெங்கும் பரவியது. பிரித்தானிய விமானங்களும் அதைத் துண்டுப்பிரசுரமாகப் போட்டன. ஆகஸ்ட் 24இல் ஹிட்லர் வாயு அறைத் திட்டத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டான். காரணம் இதுவொன்றே என்று சொல்லமுடியாது, என்றாலும் இதற்குப் பெரும் பங்குண்டு. பசியாலும் ஊசியாலும் கொல்வது 1945 வரை தொடர்ந்தது. தர்க்கப் புத்தகம் 'போலி' என்று தள்ளும் வாதம், நாசி ஜேர்மனியில் ஓர் அரச கொலைத்திட்டத்தைப் பகிரங்கமாகத் தடுமாறவைத்த அரிய வாதங்களில் ஒன்றாக இருந்தது.

ஆனால் சரிவு ஆயர் காட்டிய திசையில் ஓடவில்லை. அடுத்தது ஊனமுற்ற சிப்பாய் என்று அவர் எச்சரித்தார், அடுத்தது யூதர் என்று சொல்லவில்லை. உண்மையில் ஆஸ்பத்திரிகளிலிருந்த யூத நோயாளிகள் 1940 கோடையிலேயே, சிவப்பு நீலப் பென்சில்கூட இல்லாமல், கூட்டமாகக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டுவிட்டார்கள். 1941இலிருந்து ரி4 வைத்தியர்கள் வதைமுகாம்களுக்குப் போய்க் கைதிகளைப் பொறுக்கினார்கள். பிறகு நூறு பேரளவில் ரி4 ஊழியர்கள் போலந்துக்கு அனுப்பப்பட்டனர். பெல்செக்கின் முதல் தளபதி கிறிஸ்ரியான் வியர்த், சோபிபோருக்கும் திரெப்ளிங்காவுக்கும் தளபதியான ஃபிரான்ஸ் ஸ்ராங்கல், திரெப்ளிங்காவை முதலில் நடத்திய வைத்தியர் இர்ம்ஃபிரீட் ஏபெர்ல் எல்லோரும் அந்த ஆறு இடங்களில் தொழில் பழகியவர்கள். இதுதான் ஜேர்மனியின் உண்மையான சரிவு. அது ஆட்களாலும் அலுவலகங்களாலும் சம்பளப் பட்டியல்களாலும் ஆனது. ஒரு கருத்து இன்னொரு கருத்துக்குள் தானாக வழுக்கிவிடவில்லை. அவுஷ்விற்சிலிருந்து தப்பிய வரலாற்றாசிரியர் ஹென்றி ஃபிரீட்லாண்டர் 1995இல் வெளியிட்ட நூலில், ரி4 இன அழிப்பின் முன்னுரை அல்ல, அதன் முதல் அத்தியாயம் என்று நிறுவுகிறார்.

எங்கள் நண்பரின் வாயில் வந்த வசனத்துக்கு ஒரு தகப்பன் உண்டு. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மனநோய் வைத்தியர் லெயோ அலெக்சாண்டர். 1946 டிசெம்பர் 9இல் நியூரன்பேர்க்கில் 23 பேருக்கு எதிராகத் தொடங்கிய வைத்தியர்கள் வழக்கில் அவர் நிபுணராகப் பணிபுரிந்தார். கார்ல் பிராண்ட் அங்கே நின்று, தன் நோக்கம் இரக்கம் மட்டுமே என்றான். 1948இல் தூக்கிலிடப்பட்டான். 1949 ஜூலை 14இல் அலெக்சாண்டர் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, இத்தனை குற்றங்களும் மிகச் சிறிய தொடக்கத்திலிருந்து வந்தவை என்றது. வாழத் தகுதியற்ற உயிரென்று ஒன்று உண்டு என வைத்தியர்கள் மனதில் ஏற்றுக்கொண்ட சிறு நகர்வே தொடக்கம் என்றது. அன்றிலிருந்து இன்றுவரை கருணைக்கொலைக்கு எதிராகப் பேசும் எவரும் இக்கட்டுரையைக் காட்டாமல் விடுவதில்லை. 1957இல் கிளான்வில் வில்லியம்ஸ் என்ற பிரித்தானியச் சட்ட அறிஞர், ஆப்பு வாதத்தை ஏற்றால் எந்த நல்ல சட்டத்தையும் மறுக்கலாம் என்று எழுத, அடுத்த ஆண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் யேல் கமிசார் சமயச் சார்பில்லாமலே அதை மறுத்து எழுதினார். இந்த இருவரின் வாதங்களைத்தான் எங்கள் வட்டமும் ஆள்மாறிப் பேசிக்கொண்டிருந்தது.

அலெக்சாண்டர் கண்ட இடம் சரி, அவர் அதைச் 'சிறிது' என்றதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஓர் உயிரின் பெறுமதியை அதன் உரியவரிடம் கேளாமல் இன்னொருவர் அளக்கலாம் என்பது சிறு தொடக்கமே அல்ல, முழு விடயமும் அதுதான். பிராண்ட் தன் இரக்கத்தைப் பற்றிச் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், அந்தப் பெட்டிக்குள் நோயாளியின் குரலுக்கு இடமிருக்கவில்லை.

அந்த வகையில், 'ஹிட்லரிலைதான் முடியும்' என்பது இன்றைய ஐரோப்பியச் சட்டங்களைப் பொறுத்தவரை திட்டாந்தப் போலி. ஏது அங்கே இல்லை. ஒல்லாந்துச் சட்டத்தின் பெயரிலேயே 'வேண்டுதலின் பேரில்' என்ற சொல் உண்டு. இதிலொரு முரண்: அலெக்சாண்டர் அதே கட்டுரையில் ஒல்லாந்து வைத்தியர்களை வானளாவப் புகழ்ந்திருந்தார். 1941இல் ஆக்கிரமிப்பு அரசின் கட்டளைக்குப் பணியாமல் தம் தொழில் அனுமதிகளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நாட்டில்தான் 1973இல் தன் தாய்க்கு மோர்ஃபீன் ஏற்றிய பெண் வைத்தியருக்கு ஒரு வார ஒத்திவைத்த தண்டனையோடு விவாதம் தொடங்கி, 2002 ஏப்ரல் 1இல் உலகின் முதலாவது நாடளாவிய கருணைக்கொலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அங்கே என்ன நடந்தது? 1990ஆம் ஆண்டுக்கான முதல் அரச ஆய்வு, வெளிப்படையான வேண்டுதல் இல்லாமல் வைத்தியர் உயிர்முடித்த சாவுகள் மொத்தச் சாவில் 0.8 வீதம், ஏறத்தாழ ஆயிரம் என்று கண்டது. இதோ சரிவு என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆனால் அது 2010இல் 0.2, 2015இல் 0.3 வீதமாக இறங்கியது. பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியில், சட்டம் வருமுன் 1998இல் 3.2 வீதமாக இருந்தது, சட்டம் வந்தபின் 2007இல் 1.8 ஆனது. முன்பு இருட்டில் நடந்தது வெளிச்சத்துக்கு வந்ததும் குறைந்தது என்றே இதை வாசிக்கமுடிகிறது. அஞ்சிய சரிவில் அவர்கள் கீழே போகவில்லை, மேலே ஏறியிருக்கிறார்கள்.

இத்தோடு நிறுத்தினால் அது நேர்மையற்ற கட்டுரையாகிவிடும். இன்னொரு சரிவும் இருக்கிறது. 2003இல் ஒல்லாந்தில் அறிவிக்கப்பட்ட கருணைக்கொலைகள் 1,815. 2024இல் 9,958. மனநோயின் பெயரால் மட்டும் 2010இல் 2 பேர், 2024இல் 219 பேர். கனடாவைப் பாருங்கள், எங்களில் பலரின் தாய் தகப்பன் அங்கேதான் முதுமையடைகிறார்கள். 2016 ஜூனில் வந்த சட்டம் சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றது. 2019இல் கியூபெக் நீதிமன்றம், அந்த எல்லை சமத்துவ உரிமையை மீறுகிறது என்றது. 2021 மார்ச்சில் எல்லை எடுக்கப்பட்டது. 2023இல் 15,343 பேர் இவ்வழியில் இறந்தனர், அவர்களில் சாவு நெருங்காதவர்கள் 622. மனநோய் மட்டுமே காரணமான நிலைக்கும் அதை விரிக்கும் ஏற்பாடு 2027 மார்ச் வரை தள்ளிவைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளர் உரிமைக் குழு, சாவு நெருங்காத ஊனமுற்றோருக்கு இதை வழங்குவதை நீக்கும்படி கனடாவைக் கேட்டது. வீடும் பராமரிப்பும் கிடைக்காத ஒருவர் சாவைக் கேட்கும்போது, கேட்பது அவரா, அவர் படும் பாடா?

இங்கே வழுக்குவது எது என்று பெயர்சொல்லிக் காட்டமுடிகிறது: சமத்துவம் என்ற நல்ல கொள்கை. 'அவருக்கு உண்டு, எனக்கு ஏன் இல்லை' என்று ஒருவர் நீதிமன்றம் போனால், ஒவ்வொரு எல்லையும் தன்னை நியாயப்படுத்தவேண்டியதாகிறது. யூபுலிடஸின் தானியக் குவியல் இங்கே உயிர்பெற்று நடக்கிறது. இதை விரும்பி வரவேற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இது சரிவல்ல, படிக்கட்டு. அவர்களோடு வாதாடலாம். 'ஹிட்லர்' என்றால் வாதாடமுடியாது, 'போலி' என்றாலும் வாதாடமுடியாது.

எங்கள் கதைக்கு வராமல் இதை முடிக்க மனம் வரவில்லை. அளவில் எந்த ஒப்பீடும் இல்லை, வாதத்தின் வடிவத்தை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். 1975 ஜூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டபோது, ஊரில் பாற்சோறு பொங்காவிட்டாலும் அழுதவர் குறைவு. எண்பதுகளில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் அட்டை தொங்கியது. பல இயக்கங்களும் இதைச் செய்தன. கள்ளன்தானே, காட்டிக்கொடுத்தவன்தானே என்றோம். 'விசாரிச்சது ஆர்?' என்று கேட்ட என் தமிழ் வாத்தியாருக்கு, 'மாஸ்ரர், எல்லாத்துக்கும் பயப்பிட்டால் ஒண்டும் நடக்காது' என்று பதில் சொன்ன இளைஞர்களில் நானும் நின்றேன். 1986 ஏப்ரல் கடைசியில் புலிகள் ரெலோவை அழித்தபோது அது இயக்கம் இயக்கத்தைக் கொல்லும் இடத்துக்கு வந்திருந்தது. 1989 செப்ரெம்பர் 21இல் ராஜினி திராணகம, 1994 மே 1இல் பாரிஸில் சபாலிங்கம். துப்பாக்கி புகலிடத்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வாத்தியார் சொன்னது வழுக்குச்சரிவு வாதமா? அவர் எதிர்காலத்தைச் சொல்லவேயில்லை. அட்டையில் எழுதியவன் யார், எழுதப்பட்டவனிடம் கேட்டார்களா என்று, அப்போதே நடந்துகொண்டிருந்த ஒன்றைத்தான் கேட்டார்.

சென்ற பங்குனியில், நான் வேலைசெய்யும் இல்லத்தில் ஒரு தமிழ் அம்மாவுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். எண்பத்தாறு வயது. இருதயம் நின்றால் மீட்க முயலவேண்டுமா, வேண்டாமா என்று நிரப்பும் படிவம். இது கருணைக்கொலையல்ல, இங்கு எல்லாரிடமும் கேட்பது. தாதி என்னிடம் கேட்க, நான் அம்மாவிடம் கேட்பதற்குள் மகள் சொன்னா: "அவவுக்கு ஒண்டும் விளங்காது. நான் சொல்லுறன், எழுதுங்கோ." மகள் கெட்டவவில்லை. இரண்டு வேலை செய்துகொண்டு ஏழு ஆண்டு வீட்டில் வைத்துப் பார்த்தவ. நான் கதிரையை இழுத்துப்போட்டு அம்மாவிடமே கேட்டேன். மெதுவாக, இரண்டு தரம். அவ மகளைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளையளுக்குக் கரைச்சல் இல்லாத மாதிரிச் செய்யுங்கோ, தம்பி" என்றா.

தாதிக்கு ஆம் அல்லது இல்லை வேண்டியிருந்தது. இரண்டு பெட்டிதான் இருந்தன. எதிலும் அடையாளம் போடவேண்டாம், வைத்தியர் ஒருதரம் இவவோடு தனியே இருந்து கதைக்கட்டும், நான் வந்து மொழிபெயர்க்கிறேன் என்று கேட்டு, அம்மா சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதிவிட்டு வந்தேன்.